மெஷின் "பேசும்" என்கிறார் அப்பா: அந்த உள்ளுணர்வு எங்கிருந்து வருகிறது?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் சின்னக் கேள்வி. ஜாக்பாட் மெஷினில் எது காசு கொடுக்கப் போகிறது என்று ஒருவரால் முன்கூட்டியே உணர முடியுமா? முடியாது என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன், நீங்கள் கேட்பது அது இல்லை. உங்கள் அப்பாவுக்கு 66 வயது. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் 31 வருடம் கிரேன் ஓட்டியவர். ஒருநாள் கம்பிவடம் இழுபடும் சத்தத்தில் ஏதோ சரியில்லை என்று தோன்றி வேலையை நிறுத்தினார். இறக்கிப் பார்த்தால் வடத்தின் உள்புரி அறுந்திருந்தது. கீழே நான்கு பேர் நின்றிருந்தார்கள். அதே மனிதர் இப்போது ஒன்றரை வருடமாக வாரம் இரண்டு முறை சூதாட்டக் கூடத்துக்குப் போகிறார். "நெஞ்சுக்குள்ள ஒண்ணு சொல்லும், அப்பதான் அந்த மெஷின்ல உட்காருவேன்" என்கிறார். போன தீபாவளிக்கு முந்தின வாரம் அப்படி உட்கார்ந்துதான் 6,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) எடுத்தார். துறைமுகத்தில் பொய்க்காத உள்ளுணர்வு இங்கே மட்டும் எப்படிப் பொய்க்கும்? உங்கள் கேள்வி இதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் ஒன்பது வருடம் இந்த மெஷின்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தேன். கதவைத் திறந்து சிக்கிய நோட்டை எடுப்பது, திரையை மாற்றுவது, பட்டனுக்கு அடியில் கொட்டிய கோப்பியைத் துடைப்பது, இதுதான் வேலை. அதற்கப்புறம் எட்டு வருடமாக, சூதாட்டத்தில் சிக்கியவர்களோடும் அவர்கள் குடும்பத்தோடும் உட்கார்ந்து பேசும் தொண்டூழியம். நான் மருத்துவன் இல்லை, உங்கள் அப்பாவை நேரில் பார்த்ததும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். இன்னொன்று: உங்கள் கேள்வியின் கடைசி வரியில் போகிற போக்கில் மாத்திரை பற்றி ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். நடுவில் எதை விட்டாலும் அதை விட்டுவிடாதீர்கள்.

முதலில், சந்தேகமே இல்லாமல் தெரிந்த விஷயங்கள். மெஷினுக்குள் ஒரு சில்லில் ஓடும் நிரல் ஓயாமல் எண்களை உருவாக்கிக்கொண்டே இருக்கிறது. யாரும் ஆடாத நேரத்திலும் அது நிற்பதில்லை. ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான எண்கள் வந்து போகின்றன. நீங்கள் பட்டனை அழுத்தும் கணத்தில் எந்த எண் இருந்ததோ, அதுதான் முடிவு. அதற்குப் பிறகு திரையில் சக்கரங்கள் மூன்று நான்கு நொடி சுற்றுவது, ஏற்கெனவே முடிந்துபோன ஒன்றை நமக்குக் காட்டும் காட்சி. சிலர் சக்கரத்தை "பிடித்து நிறுத்த" இரண்டாவது முறை தட்டுவார்கள். அதனால் காட்சி சீக்கிரம் முடியும், முடிவு மாறாது. மெஷினுக்கு நேற்று என்ன கொடுத்தோம் என்ற நினைப்பு இல்லை. முன்னால் உட்கார்ந்திருப்பது யார் என்றும் அதற்குத் தெரியாது. மெம்பர் கார்டு செருகினால் அது புள்ளிக் கணக்குக்குப் போகும், எண்ணை எடுக்கும் நிரலுக்குப் போகாது.

இதை நான் ஆட வருகிறவர்களிடம் சொல்ல முயன்றதுண்டு. ஒரு முறை விடியற்காலை மூன்று மணி இருக்கும். நோட்டு சிக்கிய மெஷினைத் திறந்து சரிசெய்து மூடினேன். பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் அவசரமாக எழுந்து வந்தார். "தம்பி, இப்பத்தானே திறந்தீங்க? இனி இது கொடுக்கும்" என்று அதில் உட்கார்ந்தார். சட்டைப் பையில் ஒரு எலுமிச்சம்பழம், நெற்றியில் விபூதி. நான் திறந்தது நோட்டு வாங்கும் பகுதியைத்தான், ஆட்டத்தின் நிரல் இருக்கும் பகுதி முத்திரையிட்டுத் தனியாக இருக்கிறது, அரசு ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமல் அதில் யாரும் கை வைக்க முடியாது என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க அப்படித்தான் சொல்லணும்" என்றார். இன்னும் இருபது நிமிடத்தில் அவருக்கு எண்பது வெள்ளி வந்தது. எழுந்து என்னைத் தேடி வந்து கையைக் குலுக்கினார். அன்று நான் சொன்ன எந்த வார்த்தையும் அந்த எண்பது வெள்ளிக்கு முன்னால் நிற்கவில்லை.

அதேபோல எல்லாரிடமும் ஒரு கதை உண்டு: "நான் எழுந்து அஞ்சு நிமிஷம் ஆகல, அடுத்து உட்கார்ந்த சீன அம்மாவுக்கு ஜாக்பாட் அடிச்சுது. அது என் காசு." உங்கள் அப்பாவும் இப்படி ஒன்று வைத்திருப்பார், கேட்டுப் பாருங்கள். அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு அது கிடைத்திருக்காது. அந்த அம்மாள் அழுத்திய அதே கணத்தில், நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடப் பிசகாமல் இவரும் அழுத்தியிருக்க வேண்டும். எழுந்து போனதால் எதையும் இழக்கவில்லை. ஆனால் இந்த ஒரு நினைவு மனிதர்களை எத்தனை மணி நேரம் நாற்காலியில் கட்டிப்போடுகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். கழிவறைக்குக் கூட எழ மாட்டார்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதை மறைத்தால் என் பேச்சில் நேர்மை இருக்காது. சில மெஷின்களின் மேலே ஏறிக்கொண்டே போகும் ஒரு தொகை இருக்கும். இந்த அளவைத் தொடுவதற்குள் கட்டாயம் யாருக்காவது கொடுத்தாக வேண்டும் என்பது அதன் விதி. அந்த எல்லையை நெருங்கும்போது வாய்ப்பு நிஜமாகவே கூடும். அது எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி எண்ணாக எழுதியிருக்கும் விஷயம், நெஞ்சுக்குள் சொல்லும் விஷயம் இல்லை. அந்தத் தொகைக்குப் பல மெஷின்களில் பலர் ஒரே நேரத்தில் போட்டியிடுவார்கள். உங்கள் அப்பா சொல்வது இதைப் பற்றி இல்லை என்றே உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது.

சரி, கிரேனுக்கு வருவோம். உள்ளுணர்வு என்பது பொய் இல்லை. அது பழகிய உடம்பின் அறிவு. மூடியைத் திறக்காமலே குழம்பு அடிப்பிடிக்கப் போகிறது என்று அம்மா அடுப்பைக் குறைப்பதும், நோயாளியைப் பார்த்ததுமே "இவருக்கு என்னவோ ஆகப் போகிறது" என்று அனுபவமுள்ள தாதி மருத்துவரைக் கூப்பிடுவதும் அதுதான். உங்கள் அப்பா பல்லாயிரம் முறை அந்த வடத்தின் சத்தத்தைக் கேட்டவர். நல்ல வடம் எப்படிக் கத்தும் என்று அவருடைய காதுக்குத் தெரியும், அதை வார்த்தையில் சொல்லத் தெரியாமல் போகலாம். அறுந்த புரி நிஜமாகவே வேறு சத்தம் போட்டது. அவர் மனம் அதைப் பிடித்தது. இப்படி ஓர் உணர்வு வளர இரண்டு விஷயம் வேண்டும். வெளியே ஒழுங்கான ஒரு குறி இருக்க வேண்டும், நம் கணிப்பு சரியா தவறா என்று உடனுக்குடன் தெரிய வேண்டும். துறைமுகத்தில் இரண்டும் இருந்தன.

இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் பெச்சாராவும் டமாஸியோவும் மற்றவர்களும் செய்தது, 1997-ல் வெளிவந்தது. ஆடுகிறவர் முன்னால் நான்கு சீட்டுக்கட்டுகள். இரண்டில் பெரிய பரிசும் அதைவிடப் பெரிய அபராதமும் வரும், இரண்டில் சின்னப் பரிசும் சின்ன அபராதமும் வரும். எந்தக் கட்டு மோசம் என்று வாயால் சொல்லத் தெரிவதற்கு முன்பே, மோசமான கட்டை நோக்கிக் கை போகும்போது உள்ளங்கை வியர்ப்பதைக் கருவி காட்டியது. அந்த விளக்கத்தைப் பிற்பாடு சிலர் மறுத்தார்கள். 2004-ல் வந்த ஒரு மறுபரிசோதனை, ஆடினவர்களுக்கு அந்தக் கட்டத்திலேயே ஓரளவு வெளிப்படையாகவே தெரிந்திருந்தது என்று காட்டியது. உடம்பு முந்தியதா அறிவு முந்தியதா என்ற வழக்கு எப்படி முடிந்தாலும், நமக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்தக் கட்டுகளில் கண்டுபிடிக்க ஓர் ஒழுங்கு இருந்தது. அதனால்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ஜாக்பாட் மெஷினில் அந்த ஒழுங்கை வேண்டுமென்றே எடுத்துவிட்டிருக்கிறார்கள். எவ்வளவு கூர்மையான காதாக இருந்தாலும் அங்கே கேட்பதற்கு எதுவும் இல்லை.

ஆனால் ஏதோ இருப்பது போலத் தோன்றும்படிதான் அது கட்டப்பட்டிருக்கிறது. இந்த வேலையில் சேரும் வரை எனக்கும் இது தெரியாது. 1890-களில் சான் பிரான்சிஸ்கோவில் சார்லஸ் ஃபே செய்த மெஷின் வெறும் இரும்பு. மூன்று சக்கரம், ஒரு கைப்பிடி, கண்ணால் பார்ப்பதுதான் கணக்கு. சக்கரத்தில் எத்தனை மணிச் சின்னம் இருக்கிறதோ அதற்கேற்ற வாய்ப்பு. 1984-ல் டெல்னஸ் (Inge Telnaes) என்பவருக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கிடைத்தது. சக்கரம் எங்கே நிற்க வேண்டும் என்பதை இனி கணினி எடுக்கும் எண் முடிவு செய்யும். இதில்தான் விஷயம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சக்கரத்தில் 22 நிறுத்தங்கள் இருந்தால், உள்ளே கணினி வைத்திருக்கும் சக்கரத்தில் 64 இருக்கலாம். மூன்று சக்கரம், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஜாக்பாட் சின்னம் என்றால், கண்ணால் பார்க்கிறவருக்கு 10,648-ல் ஒரு வாய்ப்பு போலத் தெரியும். உள்ளே இருப்பதோ 2,62,144-ல் ஒன்று. மிச்சம் இருக்கும் எண்களில் பலவற்றை ஜாக்பாட் சின்னத்துக்கு மேலேயும் கீழேயும் இருக்கும் வெற்றிடங்களுக்குக் கொடுத்துவிட்டால், அந்தச் சின்னம் அடிக்கடி வெற்றிக் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலேயோ கீழேயோ வந்து நிற்கும். "பார், மயிரிழையில் தவறிப்போச்சு" என்று தோன்றும். ஒவ்வொரு சுற்றும் நேர்மையான குலுக்கல்தான், அதில் பித்தலாட்டம் இல்லை. ஆனால் கண் பார்க்கும் தூரமும் உண்மையான தூரமும் ஒன்று இல்லை. தோற்ற பிறகு "கிட்ட வந்து தவறியது" போன்ற படத்தை வேண்டுமென்றே காட்டும் நிரலை 1989-ல் அமெரிக்காவின் நெவாடா மாநிலம் தடை செய்தது. நான் மேலே சொன்ன முறையோ சட்டப்படியே தொடர்ந்தது.

உங்கள் அப்பாவின் காதுக்கும் கண்ணுக்கும் இது என்ன செய்யும் என்று யோசியுங்கள். கிரேனில் "மயிரிழையில் தப்பியது" என்பது மிக முக்கியமான தகவல். அதிலிருந்துதான் அடுத்த முறை கைப்பிடியை எவ்வளவு மெதுவாக விட வேண்டும் என்று கற்றுக்கொண்டார். இங்கே அதே உணர்வு வருகிறது, கற்றுக்கொள்ளத்தான் ஒன்றும் இல்லை. 31 வருடம் அவரை நல்ல வேலைக்காரராக ஆக்கிய அதே குணம் இங்கே தவறான இடத்தில் உழைக்கிறது. அவர் ஏமாளி இல்லை. என்னிடம் வந்தவர்களில் கவனமாகப் பார்ப்பவர்கள், கைவேலையில் தேர்ந்தவர்கள் பலர் இதில் ஆழமாகப் போனார்கள்.

அடுத்தது சத்தம். இப்போதைய மெஷின்களில் பட்டனை ஒரே தட்டு தட்டி ஐம்பது கோடு (சின்னங்கள் பொருந்த வேண்டிய வரிசை) ஆடலாம். ஒரு கோட்டுக்கு ஒரு காசு வைத்தால் ஐம்பது காசு போகும். அதில் இரண்டு கோட்டில் ஏதோ பொருந்தி இருபது காசு திரும்பி வரும். முப்பது காசு நஷ்டம். ஆனால் மெஷின் என்ன செய்யும் தெரியுமா? விளக்கு மின்னும், மணி அடிக்கும், திரையில் எண் ஏறும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2010-ல் ஆடுகிறவர்களின் தோல் வியர்வையை அளந்து பார்த்தார்கள். இந்த மாதிரிப் பொய் வெற்றிக்கு உடம்பு நிஜ வெற்றிக்கு எழும்புவது போலவே எழும்பியது. அதே குழுவினர் பிறகு, ஆடி முடித்தவர்களிடம் எத்தனை முறை ஜெயித்தீர்கள் என்று கேட்டபோது, உண்மையைவிடக் கூடுதலாகச் சொன்னார்கள். உங்கள் அப்பா வீட்டுக்கு வந்து "இன்னிக்கு நல்லாத்தான் வந்துச்சு, கடைசிலதான் போச்சு" என்று சொன்னால் அவர் உங்களிடம் பொய் சொல்லவில்லை. அவர் உடம்பு அன்று முழுக்க ஜெயித்துக்கொண்டுதான் இருந்தது.

இனி அந்த "நெஞ்சுக்குள்ள சொல்லும்" விஷயம். நான் பேசிய ஒருவர், முன்பு பள்ளி வேன் ஓட்டியவர் (அடையாளத்தை மாற்றித்தான் எழுதுகிறேன்), தானாகவே ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருந்தார். உணர்வு வந்ததும், தட்டுவதற்கு முன்பாக, ஒரு கோடு. காசு வந்தால் அந்தக் கோட்டின் மேல் ஒரு குறுக்குக் கோடு. தன் திறமையை மனைவிக்கு நிரூபிக்கத்தான் ஆரம்பித்தார். இரண்டு மாதம் கழித்து அதை என் முன்னால் விரித்து வைத்தார். பக்கம் பக்கமாகக் கோடுகள், நீல மையில், சில இடத்தில் கை நடுங்கியதுபோல. குறுக்குக் கோடு அங்கொன்றும் இங்கொன்றும்தான் இருந்தது. "இத்தனை தடவை எனக்குத் தோணினதே எனக்கு ஞாபகம் இல்லண்ணே" என்றார். இந்த விஷயத்தில் நான் கேட்ட மிக உண்மையான வாக்கியம் அது. ஓர் இரவில் அந்த உணர்வு முப்பது நாற்பது முறை வருகிறது. பலிக்காதது அடுத்த தட்டிலேயே மறந்துவிடுகிறது. பலித்த ஒன்று மட்டும் தீபாவளிக் கதையாகக் குடும்பத்தில் நிலைத்துவிடுகிறது. விபத்தில் சிக்கிய காரின் எண்ணை ஃபோர்-டியில் (நான்கு இலக்க லாட்டரியில்) எடுக்கிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! விழுந்த எண் கோப்பிக் கடையில் பத்து வருடம் பேசப்படும். விழாத நூறு எண்ணை யார் பேசுகிறார்கள்? சரி, அந்த நோட்டுப் புத்தக வழியை நான் உங்களுக்குச் சிபாரிசு செய்யவில்லை. குறித்துக்கொள்ளப் போகிறேன் என்பதே அங்கே போவதற்கு இன்னொரு காரணமாகிவிடும்.

தானே தேர்ந்தெடுத்தது என்பதிலும் ஒரு மயக்கம் உண்டு. உளவியலாளர் எலன் லாங்கர் 1975-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு டாலர் லாட்டரிச் சீட்டைச் சிலருக்குக் கையில் கொடுத்தார்கள், சிலரைத் தாங்களே எடுக்கச் சொன்னார்கள். அப்புறம் அந்தச் சீட்டைத் திருப்பி விலைக்குக் கேட்டார்கள். கொடுக்கப்பட்டவர்கள் சராசரியாக 1.96 டாலர் கேட்டார்கள், தானே எடுத்தவர்கள் 8.67 டாலர். சீட்டு ஒன்றுதான். கூடத்துக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெஷின்கள் வரிசையாக நிற்கும்போது, நடந்து, நின்று, ஒன்றை "இதுதான்" என்று தேர்ந்தெடுப்பது எவ்வளவு பலமான உணர்வைத் தரும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

6,200 வெள்ளி வந்த அந்த நிமிடம் எப்படி இருக்கும் என்று நான் பக்கத்தில் நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். தொகை ஓர் அளவைத் தாண்டினால் மெஷின் பூட்டிக்கொள்ளும், ஊழியர் வந்து கையில் கொடுப்பார். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடக் காத்திருப்பில் பெரும்பாலானவர்கள் குதிப்பதில்லை. அமைதியாகிவிடுவார்கள். திரையையே பார்த்தபடி ஒரு கையை மெஷின் மேல் வைத்திருப்பார்கள், குழந்தையின் முதுகில் வைப்பது போல. ஒரு பாட்டி என்னிடம், "இது என்னைத் தெரிஞ்சுக்கிச்சு" என்று மெதுவாகச் சொன்னார். பணத்தைவிட அந்த வாக்கியம்தான் அவரைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, யாரும் எதற்கும் கருத்துக் கேட்காத வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு "நீ சொன்னது சரி" என்று ஏதோ ஒன்று மணியடித்துச் சொல்வது சின்ன விஷயம் இல்லை. இன்னும் நாளானால் அதுவும் போய்விடும். ரொம்ப ஆழமாகப் போனவர்கள் ஜெயிப்பதற்காக ஆடுவதில்லை. ஜெயித்தால் இன்னும் கொஞ்ச நேரம் உட்காரலாம், அவ்வளவுதான். நேரமும் கால்வலியும் வீட்டுக் கவலையும் தெரியாத ஓர் இடம் அது.

கணக்கை ஒரு தடவை போட்டுக் காட்டுகிறேன். இது உதாரணம்தான், உங்கள் அப்பாவின் கணக்கு இல்லை. போட்டதில் 90 சதவீதத்தைத் திருப்பிக் கொடுக்கும் மெஷின் என்று வைத்துக்கொள்வோம் (நெவாடாவில் சட்டம் கேட்கும் குறைந்த அளவு 75தான்). ஒரு தட்டுக்கு ஒரு வெள்ளி, நிமிடத்துக்குப் பத்துத் தட்டு. மணிக்கு 600 வெள்ளி மெஷினுக்குள் போய் வருகிறது, அதில் 60 போகிறது. 90 சதவீதம் என்பது நாம் கொண்டுபோன காசில் இல்லை, ஒவ்வொரு தட்டிலும். அதனால்தான் 200 வெள்ளியோடு போனவர் நாலு மணி நேரத்தில் அதை முழுக்க விட்டுவிட்டு எழுவது சாதாரணமாக நடக்கிறது. நாலு மணி நேரம், வாரம் இரண்டு முறை என்றால் சராசரியாக வாரம் 480 வெள்ளி. அந்த வேகத்தில் 6,200 வெள்ளி பதின்மூன்று வாரத்துக்குக் காணும். தீபாவளிக்கு வந்தது தைப்பூசத்தை ஒட்டிக் கரைந்துவிடும்.

இனி, நான் அவ்வளவு உறுதியாகச் சொல்லாத விஷயங்கள். "மயிரிழைத் தோல்வி" மூளையில் என்ன செய்கிறது என்பதற்குக் கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். நிஜ வெற்றியில் கிளரும் மூளைப் பகுதிகள் இதிலும் கிளர்ந்தன, ஆடுகிறவரே சின்னத்தைத் தேர்ந்தெடுத்தபோது இன்னும் ஆட வேண்டும் என்ற ஆசையும் கூடியது. ஆனால் மூளைப் படம் எடுத்தது பதினைந்து பேருக்கு. ஐம்பது வருட ஆய்வுகளை அலசி 2020-ல் வந்த ஒரு கட்டுரை, அது ஆட்களை நிஜமாகவே கூடுதல் நேரம் ஆட வைக்கிறது என்பதற்கு ஆதாரம் பலமாக இல்லை என்றது. என் அனுபவம் முதல் பக்கம் சாய்கிறது, ஆனால் அனுபவம் ஆதாரம் ஆகிவிடாது. நான் பார்த்தது சிக்கியவர்களை மட்டும்தான். மாதம் ஒருமுறை ஐம்பது வெள்ளியோடு போய், முடிந்ததும் எழுந்து வந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர் என்னிடம் பேச வரப் போவதில்லை. உங்கள் அப்பா எந்தப் பக்கம் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. விட்டதைப் பிடிக்க மறுநாளே போகிறாரா, தொகையை மறைக்கிறாரா, போகாத நாளில் சிடுசிடுக்கிறாரா என்று பாருங்கள். எனக்கு அதுதான் முக்கியம், அவர் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறாரா என்பது இல்லை.

அவரிடம் பேசும்போது "இதெல்லாம் மூடநம்பிக்கை" என்று ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் அவருடைய மெஷினைத் திட்டுவதாக அவர் எடுத்துக்கொள்ள மாட்டார், கம்பிவடத்தையும் சேர்த்துத் திட்டுவதாகத்தான் எடுத்துக்கொள்வார். அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். விரிவாகச் சொல்லட்டும். அப்புறம், மெஷினில் அந்த மாதிரி என்ன கேட்கிறது என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்டபோது பதில் சொல்ல முடியாமல் நீண்ட நேரம் மௌனமாக இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மௌனத்தை நீங்கள் பேசி நிரப்ப வேண்டாம். பணக் கணக்குக்கு, அவர் மெம்பர் கார்டு வைத்திருந்தால் வருடத்தில் வந்ததும் போனதும் எவ்வளவு என்ற அறிக்கையை அவரே கேட்டு வாங்கலாம். பெரும்பாலான கூடங்களில் இது கிடைக்கும். 3,000 வெள்ளி வருடாந்திர நுழைவுக் கட்டணம் கட்டியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். அடுத்த முறை அதைப் புதுப்பிக்க விடாமல் இருக்க முடிந்தால் நல்லது. ஒவ்வொரு முறையும் 150 வெள்ளி கொடுத்து நுழைவது கொஞ்சமாவது யோசிக்க வைக்கும். வருடத்துக்குக் கட்டியாயிற்று என்றால் போகாத நாள்தான் நஷ்டம் போலத் தோன்றும். அவருக்கே விருப்பம் வந்தால், உள்ளே விடாதீர்கள் என்று தானாகவே பதிவு செய்துகொள்ளலாம். நிலைமை மோசமானால் மனைவியோ பிள்ளையோ, சூதாட்டப் பிரச்சினைகளைக் கவனிக்கும் தேசிய மன்றத்திடம் (NCPG) விண்ணப்பித்து நுழைவுத் தடை வாங்க வழி இருக்கிறது. அதற்கு விசாரணை உண்டு, அப்பாவும் வந்து பேசுவார், குடும்பத்தில் தழும்பு விழும். கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வேண்டிய நேரத்தில் தயங்காதீர்கள்.

இப்போது அந்தக் கடைசி வரி. "கை நடுக்கத்துக்கு இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார், அது வேறு கவலை" என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு கவலையாக இல்லாமலும் இருக்கலாம். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், குறிப்பாக பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்றவை, மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் செய்யும் வேலையைச் செய்பவை. இவற்றைச் சாப்பிடும் சிலருக்கு, அதுவரை சூதாட்டத்தின் பக்கமே போகாதவர்களுக்கும், அடக்க முடியாத சூதாட்ட ஆசை வருகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2005-ல் இப்படிப் பதினொரு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். 2010-ல் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், சூதாட்டம், கண்மண் தெரியாமல் பொருள் வாங்குவது, அளவில்லாமல் சாப்பிடுவது போன்ற பிரச்சினைகளில் ஒன்றாவது இருந்தவர்கள், இந்த வகை மாத்திரை சாப்பிட்டவர்களில் சுமார் 17 சதவீதம், சாப்பிடாதவர்களில் 7 சதவீதம். மாத்திரை இரண்டு வருடம், சூதாட்டக் கூடம் ஒன்றரை வருடம் என்ற உங்கள் வரிசையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாக் கை நடுக்கமும் பார்க்கின்சன் இல்லை, எல்லா நடுக்க மாத்திரையும் இந்த வகை இல்லை. அதனால் முதலில் மாத்திரை அட்டையில் உள்ள பெயரைப் பாருங்கள். அந்த வகையாக இருந்தாலும் நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம், திடீரென்று நிறுத்தினால் உடம்புக்கு ஆபத்து. மருத்துவர் அளவைக் குறைத்தோ மாற்றியோ கொடுத்தால் பலருக்கு அந்த ஆசை அடங்கியிருக்கிறது. அப்பாவுக்கு அடுத்த பரிசோதனைத் தேதி தள்ளி இருந்தால் அதுவரை காத்திருக்காமல் இந்த வாரமே கிளினிக்குக்குப் போன் செய்து, நடுக்கத்தோடு சேர்த்து ஜாக்பாட் விஷயத்தையும் சொல்லுங்கள். அவர்கள் தாமாகக் கேட்காமல் போகலாம், அப்பாவும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.